இபானெஸ் கிடார்: அந்தப் பேருக்குள்ள என்ன இருக்கு?

வணக்கம். கிடார் கடையில நிக்கிறீங்க. சுவர்ல ரெண்டு கருப்பு கிடார் தொங்குது. ரெண்டுக்கும் அதே கூர்மையான கொம்பு, ரெண்டு மேலயும் இபானெஸ்னுதான் எழுதியிருக்கு. ஆனா ஒண்ணோட விலை இன்னொண்ணைப் போல அஞ்சாறு மடங்கு. ஏன்னு கடைக்காரரைக் கேக்குறதுக்கு முன்னாடி அட்டையில இருக்கிற மாடல் பேரைப் பாருங்க. பாதி பதில் அதுலயே இருக்கு.

(திரையில்: ஜப்பான் வரைபடம், நகோயா)

இபானெஸ், நகோயாவைச் சேர்ந்த ஹோஷினோ கக்கி நிறுவனத்தோட பிராண்ட். பேர் மட்டும் ஸ்பானிஷ். சால்வடார் இபானெஸ்ங்கிற கிடார் கைவினைஞரோட கிடார்களை 1929ல இவங்க ஸ்பெயின்லேருந்து இறக்குமதி பண்ணாங்க. பிற்பாடு அந்தப் பேரையே தங்களோட கிடார்களுக்கும் வெச்சுக்கிட்டாங்க. எழுபதுகள்ல அமெரிக்க கிடார்களைப் பார்த்துச் செஞ்ச நகல்கள்தான் அதிகம். 1977ல அமெரிக்காவுல வழக்கு வந்துச்சு. அதுக்குள்ளயே சொந்த வடிவங்களும் வர ஆரம்பிச்சிருந்தது, அப்புறம் முழு கவனமும் அதுலதான். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த சொந்த வடிவங்களைப் பத்தி.

புதுசா வாங்குறவங்க பெரும்பாலும் குழம்புறது ஒரே இடத்துலதான். வடிவம் வேற, தரம் வேற. ஆர்ஜி, எஸ், ஏஇசட்ங்கிறதெல்லாம் வடிவத்தோட பேர். ஜியோ, பிரீமியம், பிரெஸ்டீஜ்ங்கிறதெல்லாம் தரத்தோட பேர். 'நான் ஆர்ஜி வெச்சிருக்கேன்'னு ஒருத்தர் சொன்னா, அது எந்தத் தரம்னு இன்னும் தெரியாது.

முதல்ல வடிவம். ஆர்ஜி 1987ல வந்தது. அமெரிக்க கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக அதே வருஷம் செஞ்ச ஜெம் கிடாரோட உடன்பிறப்பு. 24 ஃப்ரெட், அதாவது விரல் வைக்கிற இடங்களைப் பிரிக்கிற உலோகக் குறுக்குப் பட்டைகள். அது பதிச்சிருக்கிற பலகை, ஃப்ரெட்போர்டு, தட்டை. கை பிடிக்கிற கழுத்துப் பகுதி, நெக், மெலிசு. இப்ப நிறைய மாடல்கள்ல வர்ற விசார்ட் 3 நெக், முதல் ஃப்ரெட் கிட்ட 19 மில்லிமீட்டர் கனம்தான். வேகமா வாசிக்கிறவங்களுக்கு சொகமா இருக்கும். கட்டை விரலை மேல கொண்டுவந்து பிடிச்சு வாசிக்கிறவங்களுக்கு அவ்வளவு ஒத்து வராது.

எஸ் வரிசையும் அதே 1987. ஓரத்துல தேய்ஞ்சுக்கிட்டே போற மெல்லிய உடம்பு, எடை குறைவு. ஏஇசட் 2018ல வந்தது. வறுத்த மேப்பிள் நெக், கொஞ்சம் உருண்டையான பிடி. ஆர்ஜி பிடிக்காதவங்களுக்கு நான் முதல்ல காட்டுறது இதைத்தான். ஏஎஸ், ஏஎஃப்னு ஆரம்பிச்சா உள்ளே வெற்றிடம் இருக்கிற ஜாஸ் கிடார்கள். ஏஎஸ்ல நடுவுல ஒரு கட்டை ஓடும், ஏஎஃப் முழு வெற்றிடம்.

இப்ப எண்கள். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

(திரையில்: ஆர்ஜி550, ஆர்ஜி421)

ஆர்ஜி மாடல்கள்ல கடைசி எண் பிரிட்ஜைச் சொல்லும், அதாவது உடம்பு மேல கம்பிகளைத் தாங்குற பாகம். 0ன்னா ட்ரெமோலோ, அதாவது சுருதியை ஏத்தி இறக்க அசையுற பிரிட்ஜ். 1ன்னா அசையாத பிரிட்ஜ். நடு எண் பிக்அப்பைச் சொல்லும், அதாவது கம்பியோட அதிர்வை மின் சிக்னலா மாத்துற பாகம். அதுல ஒரே சுருள் இருந்தா சிங்கிள் காயில், ரெண்டு சுருள் இருந்தா ஹம்பக்கர். 2ன்னா ரெண்டு ஹம்பக்கர். 5ம் 7ம் ஹம்பக்கர், சிங்கிள் காயில், ஹம்பக்கர். 5ல பிக்கார்டு, அதாவது உடம்பு மேல இருக்கிற பாதுகாப்புத் தகடு இருக்கும், 7ல இருக்காது. அப்ப ஆர்ஜி421ன்னா ரெண்டு ஹம்பக்கர், அசையாத பிரிட்ஜ். ஆர்ஜி7421ன்னா? அதே கிடார்தான், ஏழு கம்பி. புது மாடல்கள் சிலது இந்தக் கணக்கை மீறும், அதுல எஃப்எக்ஸ்னு முடிஞ்சா அசையாத பிரிட்ஜ். எல்னு முடிஞ்சா இடது கைக்காரங்களுக்கு.

ஏஇசட்டுக்குக் கணக்கு வேற. ஏஇசட்2204ல முதல் ரெண்டு எண் 22 ஃப்ரெட். ஏஇசட்2402ன்னா 24 ஃப்ரெட், ரெண்டு ஹம்பக்கர்.

கடைசி எண்ணை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. என்கிட்ட கத்துக்க வந்த ஒரு தம்பி லாக்கிங் ட்ரெமோலோ கிடாரோட வந்தான். கம்பிகளை இறுக்கிப் பூட்டுற ட்ரெமோலோ அது, அவனோடதுல பிரிட்ஜ் மிதக்கும். மிதக்குற பிரிட்ஜை ஒரு பக்கம் கம்பிகள் இழுக்கும், இன்னொரு பக்கம் பின்னாடி இருக்கிற ஸ்பிரிங்குகள் இழுக்கும். ரெண்டும் சமமா இருந்தாத்தான் சுருதி நிக்கும். ஒரு கம்பி அறுந்தா ஸ்பிரிங் ஜெயிச்சிடும், மிச்ச அஞ்சு கம்பியும் சுருதி ஏறிடும். தடிமனான கம்பியை மட்டும் கொஞ்சம் இறக்கினாக்கூட அதே கதை. அந்தத் தம்பி முதல் மாசம் பூரா வாசிச்சதை விட ட்யூன் பண்ணதுதான் அதிகம். முதல் கிடார் வாங்குறவங்க 1ல முடியுற மாடலை எடுங்க. ஜிஆர்ஜி121டிஎக்ஸ் மாதிரி. ஒண்ணும் குறைஞ்சிடாது.

ஜிஆர்ஜியில முதல்ல வர்ற அந்த 'ஜி' எழுத்துதான் ஜியோ, ஆரம்பத் தரம். அதுக்கு மேல வழக்கமான ஸ்டாண்டர்ட். பிரீமியம் இந்தோனேசியாவுல செய்றது. பிரெஸ்டீஜ் ஜப்பான்ல. எல்லாத்துக்கும் மேல ஜே கஸ்டம், அதுவும் ஜப்பான்தான். வித்தியாசத்தை உங்க கையே சொல்லும். ஒரு பிரெஸ்டீஜோட நெக்ல ஓரமா விரலை ஓட்டிப் பாருங்க, ஃப்ரெட் முனைகளை உருட்டி ராவியிருப்பாங்க, எங்கயும் குத்தாது. ஆனா ஜப்பான்ல செஞ்சதெல்லாம் பிரெஸ்டீஜ்னு நினைச்சிடாதீங்க. ஜெனிசிஸ் வரிசையில திரும்பி வந்த ஆர்ஜி550 ஜப்பான்ல செஞ்சதுதான், பிரெஸ்டீஜ்ங்கிற பேர் அதுல இருக்காது.

பழைய கிடார் வாங்குறீங்கன்னா ஹெட்ஸ்டாக்கை, அதாவது நெக் நுனியில இருக்கிற தலைப் பகுதியைத் திருப்பிப் பாருங்க. வரிசை எண் எஃப்03ன்னு ஆரம்பிச்சா, 2003ல ஜப்பான்ல ஃபுஜிஜென் தொழிற்சாலையில செஞ்சது. ஐன்னு ஆரம்பிச்சா இந்தோனேசியா. விற்கிறவர் ஜப்பான்னு சொல்லி, எண் ஐன்னு ஆரம்பிச்சா, விலையை மறுபடி முதல்லேருந்து பேசுங்க.