பொதிக்குள் கிடக்கும் பழைய பிரதி

நண்பர்களே, நாங்கள் பராமரிக்கும் ஒரு மென்பொருள் பொதிக்குள் வெளியாரின் நிரல்களுக்கென்று தனிக் கோப்புறை இருந்தது. அதற்குள், தரவைச் சுருக்கும் நிரலகமான இசட்லிப்பின் (zlib) மூலநிரல் முழுவதும் கிடந்தது. அதன் தலைப்புக் கோப்பைத் (header) திறந்தேன்: பதிப்பு 1.2.11, 2017 ஜனவரி 15. யார் கொண்டுவந்து வைத்தார்கள், எதையாவது திருத்தினார்களா என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

அந்தப் பதிப்பில் ஒரு பிழை உண்டு. சில வகைத் தரவைச் சுருக்கும்போது நினைவகம் சிதைந்துவிடும். 2018லேயே திருத்தம் எழுதியாகிவிட்டது, அது 1.2.12 ஆக வெளிவந்தது 2022 மார்ச்சில்தான். கணினியில் எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்ளும் பொது நிரலகத்தைப் புதுப்பித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். எங்கள் பொதிக்குள் இருந்த பிரதி மட்டும் அப்படியே கிடந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பொது நிரலகம் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் இருக்கும்போது உள்ளே ஒட்டிய பிரதியைப் பயன்படுத்தாதீர்கள் என்று டெபியனின் கொள்கை ஆவணம் சொல்வது இதற்காகத்தான். 2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைக் கையாளும் நிரலகமான லிப்வெப்பியில் (libwebp) பாதுகாப்பு ஓட்டை தெரிந்தபோது, அதைத் தனக்குள் வைத்திருந்த உலாவியும் செயலியும் தனித்தனியே புதுப்பிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

“அவ்வளவு பெரிய நிரலைச் சுமப்பானேன், மூலநிரலிலிருந்து பொதியைக் கட்டமைக்கும்போது இணையத்திலிருந்து இறக்கினால் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. இன்று இருக்கும் முகவரி நாளை இருக்காது. வருவது நேற்று வந்த கோப்புதானா என்பதும் தெரியாது. டெபியனின் முதன்மைக் களஞ்சியப் பொதிகள் கட்டமைப்பின்போது வலையைத் தொடவே கூடாது.

எனக்குப் பிடித்த வழி, புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழிக்காரர்களுடையது. சி++ மொழி நிரலகத் தொகுப்பான பூஸ்டின் (Boost) தலைப்புக் கோப்புகள் மலைபோல் பெரியவை. ஆளுக்கொரு பிரதி வைக்காமல், அவற்றைப் ‘பிஹெச்’ (BH) என்ற ஒரே பொதியில் வைத்தார்கள். மற்றப் பொதிகள் அதைச் சார்ந்து நிற்கின்றன. திருத்தம் வந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

உள்ளே வைத்தே தீர வேண்டுமென்றால் பதிப்பு எண், எடுத்த இடம், சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறவில்லை என்று சோதிக்க உதவும் எண்) மூன்றையும் எழுதி வையுங்கள். உங்கள் மாற்றங்களை அசலில் கலக்காமல் தனி ஒட்டுக் கோப்பாக (patch) வையுங்கள். கணினியில் உள்ள நிரலகத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு வழி விடுங்கள்.

எங்கள் பிரதியை அசல் 1.2.11உடன் ஒப்பிட்டோம். மூன்று வரிகள் மாறியிருந்தன. காரணம் தேட இரண்டு நாள் ஆயிற்று: எப்போதோ கைவிட்ட ஒரு தொகுப்பியின் (compiler) எச்சரிக்கையை அடக்கப் போட்ட வரிகள். அன்று மாலையே கோப்புறையை நீக்கிவிட்டோம்.