கைப்பணமா? கைப்பக்குவமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் பெரிதும் தேவை கைப்பணமா, கைப்பக்குவமா? பக்குவம்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இப்போதுதான் முழங்கிவிட்டு உட்கார்ந்தார்: "காசைப் போட்டால் ஆல்ஃபா மெத்தை வரும், ஆள் வரும், அப்புறம் என்னங்க கவலை?"

வரும் ஐயா. படுக்கைப்புண் வராமல் இருக்க வாங்கிய, சின்னச் சின்னக் காற்றறைகள் கொண்ட அந்த மெத்தையை விரித்து மோட்டாரைப் போடுவோம். மேலே ஒரு ரப்பர் ஷீட்டு, அதற்கு மேல் மடித்த போர்வை, அதற்கும் மேல் பெட்ஷீட்டு. முடிந்தது கதை! அந்தக் காற்றறைகளில் காற்று மாறி மாறி ஏறி இறங்குவதால்தான் அந்த மெத்தை ஒரே இடத்தை அழுத்தாமல் காக்கிறது. மூன்று அடுக்குப் போட்டு மூடினால் எப்படிக் காக்கும்? மோட்டாரில் உடல் எடைக்குத் தக்கபடி வைக்க ஒரு திருகு இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார்த்த வீடு எத்தனை? காற்று போதுமா என்று பார்க்கக் காலணா செலவில்லை. காற்று மெத்தைக்கு அடியில், பெரியவரின் பிட்டத்துக்கு நேராக, உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்கள். எலும்பு கையில் தட்டுகிறதா? காற்று போதாது. ஒரு அங்குலமாவது காற்று நடுவில் நிற்க வேண்டும்.

மெத்தைதான் இருக்கிறதே என்று திருப்பிப் போடுவதையும் விட்டுவிடுகிறார்கள். படுக்கைப்புண் பிடிப்பது அங்கேதான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுக்க ஒருக்களித்தால் எடையெல்லாம் இடுப்பெலும்பு முனையில் இறங்கும். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள், தோல் உரியும். தோளிலிருந்து தொடை வரை மடித்த பழைய வேட்டியை அடியில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். பார்த்துக்கொள்ளும் மருமகளின் முதுகும் பிழைக்கும்.

சிவந்தால் கவனிக்கலாம் என்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? அழுந்திய இடம் கருத்திருக்கும், தொட்டால் சுடும், கெட்டியாக இருக்கும். சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் ஆரம்பம். உடனே எண்ணெய் விட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். தேய்க்கவே கூடாது, உள்ளே நைந்த தசை இன்னும் நையும்.

ஆள் வைக்கலாம் என்றாரே! மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிய கையோடு மட்டமாகப் படுக்க வைத்தால், கஞ்சி எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் போகும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஊற்றி முடித்த பின்னும் அரை மணி நேரம் விட வேண்டும். இது தெரியாத ஆளுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்து என்ன?

பணமே வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமா? டயப்பர் செலவு எனக்கும் தெரியும். ஆனால் பக்குவத்தைக் காசில்லாமல் கற்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. பிரஷர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், "திருப்பிப் போடுவதை ஒரு தரம் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். வேறு உதவி வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

மணியடிக்கக் கை போகிறது நடுவரே, முடித்துவிட்டேன். எதிரணித் தலைவர் அந்த மெத்தைக்கு அடியில் ஒரு தரம் கையை விட்டுப் பார்த்துவிட்டு வரட்டும். மீதியை அப்புறம் பேசுகிறேன்.