பொறுமை இல்லை என்று பழி போடாதீர்கள்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சரிந்துவரும் அறிவியல் புனைவுத் தொடரை ரசிகர்கள் கைவிடக் காரணம் ரசிகர்களின் பொறுமையின்மையா, படைப்பாளிகளின் பொறுப்பின்மையா? இதுதான் தலைப்பு. பொறுமையின்மையே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். ஒரு எபிசோட் கொஞ்சம் மெதுவாக நகர்ந்தால் போதும், ரசிகன் ரிமோட்டைத் தேடுகிறான் என்றார். ஐயா, உங்கள் பேச்சும் கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்ந்தது. நாங்கள் யாராவது எழுந்து போனோமா?

அறிவியல் புனைவு ரசிகனைப் பார்த்தா பொறுமை இல்லை என்கிறீர்கள்? பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' 1963இல் தொடங்கி 1989 வரை, 26 ஆண்டுகள் ஓடியது. செட் சுவர் ஆடும். வேற்றுக்கிரக ஜந்து ரப்பர் உடையில் வரும். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் பார்த்தார்கள். நிறுத்திய பிறகும் மறக்காமல் இருந்து, 2005இல் திரும்பி வந்தபோது வரவேற்றார்கள்.

அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாவது சீசனோடு முடியப்போகிறது என்று பேச்சு எழுந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச் 1 அன்று என்பிசி தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. சரி, அப்புறம் என்ன செய்தார்கள்? ஆட்கள் குறைவாகப் பார்க்கும் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். பட்ஜெட்டை வெட்டினார்கள். மூன்றாவது சீசனின் முதல் கதையில் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள். மூளையில்லாத ஸ்பாக்கை டாக்டர் மெக்காய் ரிமோட்டால் நடக்கவைக்கிறார். எதிரணித் தலைவர் தேடிய ரிமோட் அங்கேதான் இருந்தது, நடுவர் அவர்களே! 1969இல் தொடர் முடிந்தது. பார்க்க ஆளில்லை என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆக, ஆடும் சுவரை ரசிகன் பொறுத்துக்கொள்கிறான். அப்படியானால் எதைத்தான் பொறுப்பதில்லை? நடக்க முடியாத ஒன்றை நம்பச் சொல்கிறது கதை. பறக்கிறான் என்கிறது, காலத்தைத் தாண்டுகிறான் என்கிறது. நாமும் சரி என்று ஒத்துக்கொள்கிறோம். பதிலுக்கு நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நீ போட்ட விதியை நீயே மீறாதே.

'ஹீரோஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வந்த முதல் சீசனை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாவது சீசனில் நோவா பென்னட் என்ற முக்கியப் பாத்திரம் சுடப்படுகிறார். குண்டு கண்ணில் பாய்கிறது, ஆள் காலி. ரசிகன் ஆடிப்போய்விட்டான். கொஞ்ச நேரத்தில், எந்தக் காயமும் தானே ஆறிவிடும் சக்தி கொண்ட மகளின் ரத்தத்தை ஏற்றி அவரை எழுப்பிவிடுகிறார்கள்! இனிமேல் அந்தக் கதையில் யார் செத்தால் என்ன, யார் பிழைத்தால் என்ன? மகளைக் கூப்பிட்டு ஊசி போட வேண்டியதுதானே? நாயகன் உயிருக்கு ஆபத்து என்று பின்னணி இசை அலறும், ரசிகன் கொட்டாவி விடுவான்.

அதே சீசனில் நாயகர்களில் ஒருவனான பீட்டர் தன் காதலி கேட்லினோடு எதிர்காலத்துக்குப் போய்ச் சேர்கிறான். கொள்ளைநோயால் மனித குலமே அழிந்துகொண்டிருக்கும் எதிர்காலம். அங்கே இருவரும் பிரிக்கப்படுகிறார்கள். பீட்டர் மட்டும் திரும்பி வருகிறான். சீசன் முடிவில் அந்தக் கொள்ளைநோய் பரவாமல் தடுத்துவிடுகிறார்கள். நல்லது. கேட்லின்? அதற்குப் பிறகும் இரண்டு சீசன்கள் ஓடின. அவளைத் தேடிப் போவதாகக் கதையே இல்லை. காதலனே மறந்துவிட்டான், ரசிகன் மட்டும் தொடரை நினைவில் வைத்திருக்க வேண்டுமாம்!

ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால்தான் இதெல்லாம் என்று எதிரணி நண்பர் ஒருவர் சொன்னார். சீசன் பாதியில் நின்றது அதனால்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலைநிறுத்தம் தொடங்கியது 2007 நவம்பரில். அதே மாதத்தில் தொடரை உருவாக்கிய டிம் கிரிங்கே பேட்டியில் ஒப்புக்கொண்டார்: கதை மெதுவாகப் போகிறது, ஹிரோ என்ற பாத்திரத்தைப் பழைய ஜப்பானில் அளவுக்கு மீறி உட்காரவைத்துவிட்டோம் என்று. அவையெல்லாம் வேலைநிறுத்தத்துக்கு முன்பே எழுதி முடித்த எபிசோட்கள்.

'எக்ஸ் ஃபைல்ஸ்' இன்னும் வேடிக்கை. நாயகன் முல்டரின் தங்கையை வேற்றுக்கிரகவாசிகள் கடத்தினார்களா என்று 1993இலிருந்து நம்மைத் துருவவைத்தார்கள். 2000இல் வந்த பதில், அவள் நட்சத்திர ஒளியில் கலந்துவிட்டாள் என்பது. அந்தத் தொடரின் வில்லன், எப்போதும் சிகரெட்டும் கையுமாக இருப்பவர், 2002இல் ஏவுகணைத் தீயில் வெந்து மண்டையோடு தெரிய அழிகிறார். நாமே பார்த்தோம். 2016இல் தொடர் திரும்பி வந்தது. அவரும் வந்தார், தொண்டையில் ஓட்டை போட்டு அது வழியாகப் புகைத்துக்கொண்டு! ஏவுகணையே ஒன்றும் செய்யாத ஆளை முல்டர் என்ன செய்துவிட முடியும்?

எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியாமல் எழுதுகிறார்கள், பாவம், இழுக்கச் சொல்வது சேனல்தானே என்பது எதிரணியின் உருப்படியான ஒரே வாதம். ஒத்துக்கொள்கிறேன், கஷ்டம்தான். ஆனால் 'லாஸ்ட்' தொடரை எழுதியவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்களே. முடியும் தேதியைச் சொல்லுங்கள் என்று சேனலிடம் மன்றாடி, இன்னும் 48 எபிசோட், 2010இல் முடியும் என்று 2007இலேயே அறிவிக்க வைத்தார்கள். கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். அந்த முடிவு சரியா தப்பா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும், கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தானே போடுகிறார்கள்?

நல்ல தொடர் என்றால் கைக்காசு போட்டுக் காப்பாற்றுகிற கூட்டம் இது. 2018இல் 'எக்ஸ்பான்ஸ்' நிறுத்தப்பட்டபோது பணம் திரட்டி, அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பேனர் கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அமேசானும் அதை எடுத்து மேலும் மூன்று சீசன் நடத்தியது.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி: அந்தக் கேட்லினை எங்கே விட்டீர்கள்? அதைச் சொல்லிவிட்டு, ரசிகனுக்குப் பொறுமை இல்லை என்று தாராளமாகப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.