பெரிய பைக் எடுங்கோ, பழசைக் குடுக்காதேங்கோ

வணக்கம் உறவுகளே. நான் இப்ப பரந்தன் சந்தியில நிக்கிறன். இதில போறது ஏ9 ரோட்டு, அங்கால திரும்பினால் முல்லைத்தீவுக்குப் போற ஏ35. இலங்கையில 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவை. அதில இருந்து எங்கட பெடியள் எனக்கு அனுப்புற மெசேஜ் எல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணை, வீட்டில பஜாஜ் சீ.ரி 100 பைக் நிக்குது. அதைக் குடுத்திட்டு 150 சீசீ பைக் ஒண்டு எடுக்கட்டோ?"

என்ர பதிலை முதலே சொல்லுறன். பெரிய பைக் எடுங்கோ, அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டன். ஆனா பழசைக் குடுத்து எடுக்காதேங்கோ.

ஏனெண்டால் வன்னியில 100 சீசீ பைக் ஒராளுக்கெண்டு நிக்கிறேல்லை. விடிய அப்பா அதில வயலுக்குத் தண்ணி பாக்கப் போவார். பிறகு தங்கச்சியை ரியூசனுக்கு ஏத்தோணும், அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டு போகோணும். பசளை மூட்டையும் அதிலதான் வரும். இந்தா, சிநேகிதன்ர யமகா எம்.ரி 15 பெரிய பைக் நிக்குது, கமராவைக் கிட்டக் கொண்டு போறன், பாருங்கோ. பின் சீற் எவ்வளவு உயரம், எவ்வளவு ஒடுக்கம். சீலை உடுத்த அம்மா இதில ஒருபக்கமா இருந்து வாய்க்கால் ரோட்டால வர ஏலுமோ? டாங்க் மேல எழும்பி நிக்குது, இதில மூட்டை தங்காது. கரியரும் இல்லை. ஓடுறதுக்கு அருமையான பைக், அதை நான் குறை சொல்லேல்லை. ஆனா சீ.ரி 100 போன அண்டைக்கு, அது பாத்த வேலையெல்லாத்தையும் ஆர் பாக்கிறது?

பெரியாக்கள் பெரிய பைக் எண்டால் முகத்தைச் சுழிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. அவையள் சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள, பெற்றோல் இல்லாத நேரம், ஹொண்டா எம்.டி 90 பைக் ஓடின ஆக்கள். கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெயில ஓடினவை. அந்தப் பெற்றோல் தட்டுப்பாட்டைக் கதையாக் கேட்ட நாங்களும் 2022 இல கண்ணால கண்டிட்டம். பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்க கியூஆர் அட்டை வந்த நேரம் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 60 ஓடுற பைக் அதில 240 கிலோமீற்றர் ஓடும். 40 ஓடுறது 160 தான். கிளிநொச்சியில இருந்து வவுனியாவுக்கு ஒருக்காப் போய் வந்தால் அந்தக் கிழமை முடிஞ்சுது.

அதுக்காக அந்த ஆசையைப் பிழை எண்டு ஒருத்தரும் சொல்லாதேங்கோ. 2009 இல சண்டை முடிஞ்சு செட்டிகுளம் அகதி முகாமுக்குள்ள ஒரு சாமானும் இல்லாமல் நிண்ட சின்னப்பிள்ளையள்தான் இண்டைக்கு இருபத்தைஞ்சு வயசுப் பெடியள். சொந்த உழைப்பில தனக்குப் பிடிச்சதொண்டை வாங்கோணும் எண்டு அவங்கள் நினைக்கிறதில எனக்குச் சந்தோசம்தான்.

எனக்குப் பயம் லீசிங்கிலதான், அதுதான் கொம்பனியிட்டக் கடனுக்கு எடுத்து மாசத்தவணை கட்டுறது. மாசச் சம்பளக்காரருக்கு அது சரிவரும். வயல் செய்யிற வீட்டுக்குக் காசு எப்ப வருது? மாரிமழையில விதைக்கிற காலபோகம் வெட்டினால் வரும். இரணைமடுக் குளத்துத் தண்ணி கிடைச்சால் கோடையில செய்யிற சிறுபோகத்தில வரும். தவணைக் காசு அதைப் பாத்துக்கொண்டு நிக்காது, மாசா மாசம் கட்டோணும். நெல்லு விலை விழுந்தால், வெள்ளம் வந்தால், தவணை பிந்தும், பிந்தினதுக்கு மேலதிக வட்டி ஏறும். கட்டி முடியுமட்டும் பைக்கின்ர முழு உரிமை கொம்பனிக்குத்தான், புத்தகத்தில அவையின்ர பேரும் கிடக்கும். கட்டாமல் விட்டால் பைக்கைச் சீஸ் பண்ணி, பறிச்சுக்கொண்டு போவாங்கள். பழசையும் வித்து முற்பணமாக் கட்டிப்போட்டு, புதுசையும் சீஸ் பண்ண விட்டிட்டு, தேப்பன் வயலுக்கு நடந்து போற வீடு எங்கட ஊரிலயே இருக்கு. அந்தப் பெடியன் கெட்டவன் இல்லை, நல்ல உழைப்பாளி. அதுதான் எனக்கு மனவருத்தம்.

சரி, அப்ப ஆருக்குப் பெரிய பைக் வேணும்? நாளாந்தம் மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போறியளோ, போகேக்க அம்பது, வரேக்க அம்பது கிலோமீற்றர், உங்களுக்குச் சின்னனில நாரி முறியும். தாராளமா எடுங்கோ. டிஸ்க் பிரேக்கும், சடாரெண்டு பிடிச்சாலும் சில்லு இறுகி வழுக்காமல் காக்கிற ஏபிஎஸும் இருக்கிறதாப் பாத்து எடுங்கோ. பொழுதுபட்டால் எங்கட ரோட்டு முழுக்க மாடு படுத்திருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் ஏறும். அந்த நேரம் எஞ்சின் எத்தினை சீசீ எண்டதை விட பிரேக்தான் உங்களைக் காப்பாத்தும். டயரும் அப்பிடித்தான். அகலமான டயர் கார்பெற் ரோட்டுக்கு வடிவாப் பிடிக்கும், மாத்தப் போனால் விலை சுடும். ஊர்க் கராச்சில எஃப்.ஐ பைக், அதாவது காபிறேற்றர் இல்லாமல் கொம்பியூட்டர் கணக்கில பெற்றோல் விடுற பைக், பாக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கோ எண்டும் கேட்டு வையுங்கோ. காபிறேற்றர் கழட்டித் துடைக்கிற அண்ணையிட்ட எல்லாம் அதுக்கு ஸ்கானர் இராது.

ரெண்டையும் வச்சிருக்கக் காசு காணாதெண்டால் இன்னொரு போகம் பொறுங்கோ. கடைக்குப் போகேக்க மாசத்தவணையை மட்டும் கேட்டிட்டு வராதேங்கோ. கடைசித் தவணை வரைக்கும் மொத்தமா எவ்வளவு, அதோட ஃபுல் இன்சூரன்ஸ் வருசத்துக்கு எவ்வளவு, ரெண்டையும் கடுதாசியில எழுதி வாங்கிக்கொண்டு வந்து வீட்டில அப்பா அம்மாவோட இருந்து கதையுங்கோ. இப்ப 150, 160 ஓடிக்கொண்டிருக்கிற ஆக்கள், மாசம் உண்மையில எவ்வளவு செலவு முடியுதெண்டு கீழ எழுதிவிடுங்கோ, எடுக்கப் போற தம்பிமாருக்கு உதவும். போட்டு வாறன் உறவுகளே.