பட்டியலில் உங்கள் பெயர்தான் வந்திருக்கிறது

நடுவர் அவர்களே, எதிர்வரிசையில் அமர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே, அவையோரே, வணக்கம்.

'கருத்துக்கணிப்பு மக்களின் குரலா, மக்களைத் திசைதிருப்பும் தந்திரமா?' என்பது தலைப்பு. தந்திரமே என்று பேசிய எதிரணித் தலைவர், கைதட்டலை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். மக்களின் குரலே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். "சீட்டுக் குலுக்கிப் போட்டா இந்த அணியைக் கொடுத்தார்கள்?" என்று என் மனைவி காலையில் கேட்டார். இல்லை, நானே கேட்டு வாங்கினேன்.

ஐயா சொன்ன கதையில் ஒரு வரியையும் நான் மறுக்கப்போவதில்லை. 2024 ஜூன் 1 மாலை கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்தது. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டுச் சொல்லும் எக்ஸிட் போல் தொலைக்காட்சிகளில் வந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, சில 400 வரை போயின. ஜூன் 3-ஆம் தேதி பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள் எண்ணினார்கள். கூட்டணி 293-ல் நின்றது, பாஜகவுக்குத் தனியாக 240. சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 4,390 புள்ளிகள் விழுந்தது. கணித்தவர் ஒருவர் நேரலையிலேயே அழுதார். அந்த அழுகையை ஐயா நடித்தும் காட்டினார். நடுவரே சிரித்தீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அன்று அழுதது யார்? இத்தனை இடம் என்று எண்ணிக்கை சொன்னவர். மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது ஒரு வேலை. அதை வைத்து இத்தனை தொகுதி என்று ஆரூடம் சொல்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டியிருப்பதால் ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர் அடி வாங்குகிறார்.

அதே தேர்தலுக்கு முன், ஏப்ரலில், டெல்லியில் இருக்கும் வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு 19 மாநிலங்களில் ஏறத்தாழ 10,000 பேரைக் கேட்டு ஒரு கணிப்பை வெளியிட்டது. வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்று 62 சதவீதம் பேர் சொன்னார்கள். பெரிய பிரச்சினை எது என்ற கேள்விக்கு 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். ராமர் கோயிலைச் சொன்னவர்கள் 8 சதவீதம். கோயில் திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொலைக்காட்சியைத் திறந்தால் அதுதான் பேச்சு. ஜூனில் என்ன நடந்தது? அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியிலேயே பாஜக தோற்றது.

அதே கணிப்பு ஆளும் கூட்டணிக்கு 12 சதவீத முன்னிலை என்றும் சொன்னது. வாக்கு எண்ணியபோது அவ்வளவு இல்லை. அடுத்து வருபவர் இதைக் கேட்பார், அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். 'யாருக்கு?' என்ற கேள்வியில் சறுக்கியிருக்கலாம். 'என்ன கஷ்டம்?' என்ற கேள்விக்கு மக்கள் தெளிவாகச் சொன்னார்கள். நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தோம்.

எண்ணிக்கை ஏன் சறுக்குகிறது என்பதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம். 2024-இல் தமிழ்நாட்டில் திமுக கூட்டணி வாங்கியது ஏறத்தாழ 47 சதவீத வாக்கு. கிடைத்த இடம் 39-க்கு 39. 2016-இல் இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். பல எக்ஸிட் போல்கள் திமுக என்றன. கோட்டைக்குப் போனது அதிமுக. நூற்றுக்கு ஒருவர் மனம் மாறினால் ஆட்சியே மாறும் இடத்தில், மனத்தைச் சரியாக அளந்தவரும் இடத்தில் தவறுவார். தராசைக் குறை சொல்லி என்ன பயன்? வாக்கை இடமாக மாற்றும் நம் தேர்தல் முறை அப்படி.

அடுத்தது ஐயாவின் சோற்றுப் பானை. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. 97 கோடி வாக்காளருக்குப் பத்தாயிரம் பேர் பதமா?" என்று கேட்டார். ஐயா வீட்டில் சமையல் அம்மா செய்கிறார்கள் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. பானை பெரிதானால் பத்துப் பருக்கையா எடுத்துப் பார்ப்பார்கள்? நான்கு பேருக்கு வடித்தாலும் நானூறு பேருக்கு வடித்தாலும் அதே இரண்டு பருக்கைதான். ஆனால் எடுப்பதற்கு முன் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறுவார்கள். மேலாக மிதப்பதை எடுத்துப் பார்த்தால் அடியில் அரிசியாகவே கிடக்கும். கணக்கும் இதையேதான் சொல்கிறது. எத்தனை கோடியில் எடுத்தோம் என்பது பெரிதல்ல. எப்படி எடுத்தோம் என்பதுதான் பெரிது.

கிளறாமல் எடுத்தவரின் கதை ஒன்று உண்டு. 1936, அமெரிக்க அதிபர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அஞ்சல் அனுப்பிக் கருத்துக் கேட்டது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட் தோற்பார், லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட்தான் என்றார். 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். பத்திரிகை முகவரி எடுத்தது எங்கிருந்து? தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். ஊரே வேலையில்லாமல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலத்தில், கார் வைத்திருந்தவரிடம் போய் நாடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்! இரண்டே ஆண்டில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது.

"கணிப்பு எதற்கு, டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாட்டு நடப்பு தெரிந்துவிடும்" என்றும் ஐயா சொன்னார். அதற்கு விசில்கூட அடித்தார்கள். நடுவர் அவர்களே, அந்த பெஞ்சில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்? 2024-இல் தமிழ்நாட்டின் வாக்காளர் 6.23 கோடி. அதில் பெண்கள் 3.17 கோடி, ஆண்கள் 3.06 கோடி. பாதிக்கு மேற்பட்ட தமிழ்நாடு டீக்கடை பெஞ்சில் இல்லை. பொதுக்கூட்டத்தின் முன்வரிசையில் இல்லை. ராத்திரி எட்டு மணி விவாதத்தில் இல்லை. சமூக ஊடகத்தில் சண்டை போடுவோரிலும் அதிகம் இல்லை. இவையெல்லாம் மக்கள் குரல். வீடு தேடி வந்து கேட்பது மட்டும் தந்திரமா?

எங்கள் வீட்டுக்கே ஒருமுறை வந்தார்கள். கடந்த மக்களவைத் தேர்தலுக்கு முன் ஒரு மத்தியான வேளை. கையில் பட்டியலோடு ஒரு கல்லூரிப் பெண். நான்தான் கதவைத் திறந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கேளுங்கள்" என்று உட்கார்ந்தேன். அரசியல் பேச எனக்கு ஆள் கிடைப்பது அரிது அல்லவா? அந்தப் பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு என் அம்மாவின் பெயரைச் சொன்னது.

அம்மா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு என்ன தெரியும், என் மகனைக் கேள், அவன் மேடையில் எல்லாம் பேசுகிறவன்" என்றார். "இல்லை பாட்டி, பட்டியலில் உங்கள் பெயர்தான் வந்திருக்கிறது. உங்களுக்குப் பதில் அவரைக் கேட்கக் கூடாது" என்றது அந்தப் பெண். என்னை எழுந்து உள்ளே போகவும் சொன்னது. என் வீட்டில், என் நாற்காலியில் இருந்து!

எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்துவிட்ட என் அம்மாவிடம், நாட்டைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரிய பிரச்சினை எது என்றதற்கு அம்மா யோசிக்கவே இல்லை. "என் பேரன் பொறியியல் படித்துவிட்டு மூன்று வருடமாக அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறான்" என்றார். எழுதிக்கொள்ளப் படிவத்தில் அவ்வளவு இடம் இருந்திருக்காது.

இந்தக் கேள்வியை ரிசர்வ் வங்கியும் கேட்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகரங்களில் குடும்பங்களிடம் போய், விலை ஏறியிருக்கிறதா, வேலை எப்படி, இன்னும் ஓராண்டில் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. நம்பிக்கை குறியீடு 100-க்குக் கீழே போனால் சோர்வு என்று பொருள். 2021 மே மாதம் அது 48.5-க்கு விழுந்தது. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் குழுவின் மேசைக்கு இந்த முடிவுகள் போகின்றன. அதிகாரபூர்வப் பணவீக்கம் ஒன்று இருக்கும். குடும்பங்கள் உணரும் பணவீக்கம் வழக்கமாக அதைவிடக் கூடுதலாக இருக்கும். தக்காளி வாங்குபவரின் கணக்கைப் பொருளாதார அறிஞர்கள் படிக்க வேண்டியிருக்கிறதே, அது எந்தத் தந்திரத்தில் சேரும்?

காசு வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றித் தருகிறவர்கள் உண்டா? உண்டு. 2014-இல் ஒரு தொலைக்காட்சியின் ரகசியக் கேமரா அப்படிச் சிலரைக் காட்டியது. அவர்களைத் தண்டியுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். எத்தனை பேரை, எந்த ஊரில், எந்தக் கேள்வியை, யார் காசில் கேட்டீர்கள் என்று வெளியிடாத கணிப்பைக் காட்டக் கூடாது என்று சட்டம் போடுங்கள். பிரிட்டனில் 2015 தேர்தலில் கணிப்புகள் தவறியபோது அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே விசாரணைக் குழு வைத்து, எங்கள் பருக்கைகள் சரியாகப் பொறுக்கப்படவில்லை என்ற அறிக்கையை ஊரறியப் பெற்றுக்கொண்டார்கள். இங்கே தவறியவர் மறு தேர்தலுக்குப் புது கோட்டு தைத்துக்கொண்டு அதே நாற்காலிக்கு வருகிறார். எனக்கும் கோபம் உண்டு ஐயா.

ஆனால் அடியோடு தடை வேண்டும் என்றீர்களே, அங்கேதான் நாம் பிரிகிறோம். முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை என்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேலும் தடுத்தால் கணிப்பு நின்றுவிடுமா? கட்சி அலுவலகத்தில் நடக்கும். தொகுதி தொகுதியாக, தெருத் தெருவாக நடக்கும். நாம் என்ன நினைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. கேட்கும் வழியையே அடைத்துக்கொண்டவர்களின் கதியும் நாடு பார்த்ததுதான். நெருக்கடி நிலையில் பத்திரிகைக்குத் தணிக்கை போட்டு, எதிர்க்கட்சியினரைச் சிறையில் வைத்து ஆண்ட பிரதமர், 1977-இல் தேர்தல் வைத்துச் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார்.

மணி அடித்துவிட்டீர்கள். அம்மா கதையில் மிச்சம் இருப்பதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். கடைசியாக அந்தப் பெண் ஒரு மாதிரி வாக்குச்சீட்டை நீட்டியது. கட்சிச் சின்னங்கள் இருந்தன. யாருக்கு என்று வாயால் சொல்ல வேண்டாம், குறியிட்டு மடித்து இந்தப் பெட்டியில் போடுங்கள் என்றது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காக மடித்துப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

யாருக்குக் குறி போட்டீர்கள் என்று நான் இரண்டு நாள் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள், "உன் கையில் பட்டியல் இருக்கிறதா?" என்றார்.

நன்றி, வணக்கம்.