முதலில் ஓர் ஊன்றுகோல்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறேன். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்த் தோட்டம்தான். அப்படி ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். திருவருளைப் பற்றி இளம் பிள்ளைகளுக்குப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். நான்காம் படிவம், பதினாறு வயது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று மாலை போட்டான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கூட்டாளிகளோடு சேர்ந்து வேப், அதாவது மின்சிகரெட், இழுத்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அவனாகவே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். பல மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன். "ஏம்பா வர்றதில்லே?" என்றேன். "முதல்ல திருந்திட்டு வரேன் சார்" என்றான்.

குளித்துவிட்டு ஆற்றுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

அங்கேயே, மீ கோரேங் கடை மேசையில், அவனுக்குச் சுந்தரர் கதையைச் சொன்னேன். சுந்தரருக்கு என்ன வயது தெரியுமா? இந்த உலகத்தில் அவர் இருந்ததே மூவாறு ஆண்டு என்று பழைய வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது. மூவாறு பதினெட்டு. நாயன்மார் வரிசையில் நிற்கிறவர் இன்றைக்கு இருந்தால் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சையை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பார்.

அந்த வயதில் அவர் செய்த வேலையைக் கேளுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்யவேண்டும். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டிய நிலை. சன்னதியில் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று, "நான் சத்தியம் செய்யும்போது நீர் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்" என்று சிவபெருமானிடமே பேசி வைக்கிறார். சிவபெருமான் சரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் கனவில் போய், "மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கு" என்கிறார்! என் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். வேறு வழியில்லாமல் அந்த மரத்தடியிலேயே சத்தியம் செய்கிறார் சுந்தரர். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வருகிறது; கால் நிற்கவில்லை. ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

நம் பெரியவர்கள் பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். "பார்த்தியா, சத்தியத்தை மீறினா கண்ணு போயிடும்." அது பாதிக் கதை, ஐயா. எனக்கு அந்த மறுபாதிதான் முக்கியம்.

கண் போனவர் 'பார்வை வந்த பிறகு கோயிலுக்குப் போவோம்' என்று உட்காரவில்லை. தடவித் தடவி நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் நின்று, "உள்ளே இருக்கிறீரா?" என்று கேட்கிறார். அங்கே கிடைத்தது கண் இல்லை; ஓர் ஊன்றுகோல். அந்த ஊர்ச் சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்றே பெயர். அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் போகிறார், இடக்கண் வருகிறது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் போகிறார். அங்கே போய்ப் பணிவாகவா பாடினார்? 'நீர் மட்டும் சுகமாக இரும்' என்று சண்டை போடுகிற தொனியில் பாடினார். அதன் பிறகுதான் வலக்கண்.

தவணை முறையில் வந்திருக்கிறது அருள்.

அதற்காக, என்ன செய்தாலும் சாமி பார்த்துக்கொள்வார் என்று நான் சொல்ல வரவில்லை. கண் போனது போனதுதானே.

இந்தக் கதை எனக்கு ஒட்டிக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1981. எனக்கு 16 வயது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதால், மலாய் மொழிக்காக ரிமூவ் கிளாஸில் ஒரு வருஷம் கூடுதல். அப்போதுதான் மூன்றாம் படிவம். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போவேன். பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு முடிந்து, இருட்டோடு வேலைக்காட்டுக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. ரப்பர் மரத்தில் பால் அதிகம் ஓடுவது உள்பட்டையில், கட்டையை ஒட்டி. கட்டையைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு உளியை இழுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் இல்லை. கூடினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். மறுபடி அந்த இடத்தில் உளி ஓடாது.

அன்றைக்கு எனக்குப் பத்து மணி பஸ்ஸைப் பிடித்து டவுனுக்குப் படம் பார்க்கப் போக வேண்டும். ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம், முழுக்க ஓட்டமாக வெட்டினேன். எத்தனை மரத்தில் வெள்ளைக் கட்டை தெரிந்தது என்று எனக்கே தெரியும். பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

மறுநாள் வேலையை மேற்பார்க்கிற தண்டல் பார்த்துவிட்டார். "யார் வெட்டுனது?" அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் தண்டலய்யா, கை தவறிருச்சு." சம்பளத்தில் பிடித்தார்கள். நான் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து நான் தேவார வகுப்புக்குப் போகவில்லை. திருநீறு பூசக் கை வரவில்லை. வாத்தியார் ஒருநாள் லயத்துக்கே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்கிற மாதிரி இந்தக் கதையைச் சொன்னார். ஊன்றுகோல் வரைக்கும்தான் சொன்னார். "மிச்சத்தை வகுப்புல வந்து கேட்டுக்கோ" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று ராத்திரி அம்மா உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதும், கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்ப்பதுமாக இருந்தார். "அம்மா, அன்னிக்கு அந்த நிரையை..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தெரியும்டா. என் சீவல் நூல் மாதிரி சுருண்டு விழும். அங்க கெடந்தது எல்லாம் கரண்டி கரண்டியா இருந்துச்சு."

முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தண்டலிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு நான் நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷமே புகைப் பழக்கம் வந்தது, அதை விடப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் எத்தனையோ முறை விட்டு, எத்தனையோ முறை தொட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. சட்டையில் சிகரெட் வாடையோடு போன நாளும் உண்டு. வாத்தியார் மூக்கைச் சுளித்தபடியே இடம் காட்டுவார்.

அந்த ரப்பர்க் காடு இப்போது இல்லை, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை போட்டுவிட்டார்கள்.

நான் ஒப்புக்கொண்ட அந்த ராத்திரிக்கு அடுத்த நாள், விடியுமுன்னே அம்மா என்னை எழுப்பி அதே நிரைக்குக் கூட்டிப் போனார். தலைவிளக்கை என் நெற்றியில் கட்டிவிட்டார். நான் காயம் போட்ட மரத்துக்குப் பக்கத்து மரம். தீட்டி வைத்த உளியை என் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டார்.

"மெதுவா வெட்டு. பஸ்ஸு போனா போவட்டும்."

வணக்கம்.