படைப் பயிற்சியும் பட்டப்படிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்றோர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த ஊரிலும் அதைப் போன்ற ஊர்களிலும் இருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். அக்னிபத் என்ற நான்காண்டு படைப்பணித் திட்டத்தில் அக்னிவீராகப் போன பிள்ளை, அந்த நான்காண்டு கழித்துப் பட்டம் இல்லாமல்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை.

பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டு பணி முடித்த முன்னாள் படைவீரரைச் சில பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்று மத்திய அரசு 1986-இல் ஆணையிட்டது. பலருக்கு அது கை கொடுத்தது. ஆனாலும் அது பல்கலைக்கழகம் தந்த பட்டம் அல்ல. அக்னிபத் திட்டத்திலோ 25 விழுக்காட்டினர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு அந்த 15 ஆண்டு என்ற பேச்சே கிடையாது.

ஆகவேதான் 2022 ஜூனில் வந்த ஓர் அறிவிப்பைப் பெரிதாக மதிக்கிறேன். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, அக்னிவீரர்களுக்கென மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பை வகுத்தது. பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில், அதாவது கற்றலை அளக்கும் மதிப்பலகில், பாதி அவர்கள் படையில் பெறும் திறன் பயிற்சிக்கே கிடைக்கிறது. மறு பாதியை மொழி, வரலாறு, பொருளியல், வணிகவியல், சுற்றுலா போன்ற பாடங்களைப் படித்துப் பெற வேண்டும்.

'துப்பாக்கி பிடித்ததற்கா பட்டம்?' என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. படையில் மருத்துவ உதவியாளரும் வாகன மெக்கானிக்கும் தகவல் தொடர்புக் கருவிகளை இயக்குபவரும் பாடத்திட்டப்படி கற்கிறார்கள், செய்முறை பழகுகிறார்கள், தேர்வில் தேறுகிறார்கள். கல்லூரிக்குள் நடந்தால் படிப்பு, முகாமில் நடந்தால் இல்லையா? நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது; எந்தக் கூரையின் கீழ் கற்றாலும் அதே கணக்குத்தான்.

அமெரிக்காவில் இது 1945 முதலே நடக்கிறது. அமெரிக்கக் கல்விக் குழு என்ற அமைப்பின் சார்பில் பேராசிரியர்கள் படைப் பயிற்சிகளை ஆராய்ந்து, இன்ன பயிற்சிக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைக்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். ஏற்றாலும் விருப்பப்பாடக் கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டால், முதன்மைப் பாடங்களில் ஒன்றுகூடக் குறையாது. இக்னோ பட்டத்திலோ பயிற்சிக்கான பாதி, பட்டத்தின் அமைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. இந்த வகையில் நம் ஏற்பாடே மேல் என்பது என் கருத்து.

கடினம் மறு பாதியில்தான் இருக்கிறது. எல்லைக் காவலில் நிற்பவனுக்குப் பாடப்புத்தகம் கையில் கிடைக்க வேண்டும், தேர்வு நாளில் விடுப்பும் கிடைக்க வேண்டும். படைப்பிரிவு அதிகாரிகள் இதைச் சலுகையாக எண்ணாமல் கடமையாக எண்ண வேண்டுமென்று இந்த வானொலி வழியாகவே வேண்டிக்கொள்கிறேன்.

பெற்றோரே, அடுத்த முறை மகனோ மகளோ தொலைபேசியில் பேசும்போது, 'படிப்புக்குப் பதிவு செய்துவிட்டாயா?' என்று கேளுங்கள். பணி நான்காண்டு, படிப்பு மூன்றாண்டு. முதல் ஆண்டிலேயே சேர்ந்தால்தான் சீருடையில் இருக்கும்போதே முடிக்க முடியும். தாமதமானாலும் கைவிட வேண்டாம். ஓராண்டுப் பாடங்களை முடித்தால் சான்றிதழும், ஈராண்டு முடித்தால் டிப்ளமோவும் உண்டு. பத்தாம் வகுப்போடு போனவர்கள் முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும். பயிற்சிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் நகலெடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, பத்திரமாக வைத்திருங்கள். வணக்கம்.